சி.டி. ஸ்கேன்: அச்சமும் உண்மையும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் தேசீய நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விக்கிரவாண்டியையும் கடந்து விழுப்புரத்தை அடைகிறது. அவ்வழியில் முண்டியம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. கரும்பு ஆலையால் பெயர் பெற்ற அவ்வூர், 2010-ஆம் ஆண்டில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றதிலிருந்து அதன் மருத்துவமனையாலும் பெயர் பெற்று விளங்குகிறது. செஞ்சியிலிருந்தும், மேல்மலையனூரிலிருந்தும், வானூரிலிருந்தும், கடலோர மரக்காணத்திலிருந்தும் நோயாளிகள் அங்கு வந்த வண்ணம் இருக்கின்றனர். திண்டிவனம் அரசு மருத்துவமனையில் முதற்சிகிச்சை பெற்றோரில், உயர் சிகிச்சை தேவைப்படுவோரும் அங்கு அனுப்பப்படுவதுண்டு.

இத்தகைய மருத்துவமனைகளில், “சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்” என்று டாக்டர் கூறியவுடன் கிராமத்திலிருந்து வந்த குடும்பத்தார் பலர் கலங்கி விடுகின்றனர். வெளியே மரத்தடியில் கூடிப் பேசுகின்றனர். “யந்திரத்துக்குள் உடம்பை விட்டால் மின்சாரம் பாயுமாமே? கதிர் பட்டால் புற்று நோய் வருமாமே? தாலியைக் கழற்றச் சொல்வார்களாமே? ஊரில் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு நாளைக்கு வந்தால் ஆகாதா?” என்றெல்லாம் ஐயங்கள் எழுகின்றன. இவை இயல்பாக எழும் ஐயங்களே. இவற்றை எள்ளி நகையாடுவது தகாது. விடை கூறுவதே முறை. ஏனெனில், அந்த மரத்தடியில் கழியும் ஒரு மணி நேரம் சில நோயாளிகளுக்கு உயிரின் விலையாகி விடுகிறது.

மற்றொரு பக்கமும் உண்டு. சாதாரணத் தலைவலிக்கும் “ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுங்கள்” என்று டாக்டரை வற்புறுத்துவோரையும் நாம் காண்கிறோம். அஞ்சி மறுப்பதும் தவறு. ஆசைப்பட்டுக் கேட்பதும் தவறு. இப்பரிசோதனை யாது, அறைக்குள் நடப்பது என்ன, நோயாளி அறிந்து வைத்திருக்க வேண்டியவை யாவை என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

யந்திரம் செய்யும் வேலை

எக்ஸ்ரே படம் நம் மக்களுக்குப் புதியதன்று. ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் 1895-ஆம் ஆண்டில் கண்டறிந்த கதிர்கள் உடம்பை ஊடுருவிச் சென்று நிழற்படம் ஒன்றைத் தருகின்றன. எலும்பு முறிவைக் காட்ட அப்படம் போதும். ஆயினும் நிழலுக்கு ஒரு குறை உண்டு. பனங்குலை ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தரையில் விழும் நிழலில் காய்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து தோன்றும். எத்தனை காய், எது முன்னே, எது பின்னே என்று சொல்ல இயலாது. காய்க்குள் நுங்கு முற்றியிருக்கிறதா, இளசா என்பதோ தெரியவே தெரியாது. அதை அறியக் காயைச் சீவித்தான் பார்க்க வேண்டும்.

சீவாமலே உள்ளே இருப்பதைக் காட்டுவதுதான் சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரே கதிர்களை ஒரே திசையிலிருந்து பாய்ச்சாமல், உடம்பைச் சுற்றிலும் எல்லாத் திசைகளிலிருந்தும் இந்த யந்திரம் பாய்ச்சுகிறது. மறுபக்கத்தில் எவ்வளவு கதிர் வந்து சேர்கிறது என்பதை நுண்ணிய கருவிகள் அளக்கின்றன. எலும்பு மிகுதியாகத் தடுக்கும். தசை குறைவாகத் தடுக்கும். காற்று ஏறக்குறைய தடுக்காது. இவ்வாறு கிடைக்கும் கணக்கற்ற அளவுகளைக் கம்ப்யூட்டர் கூட்டிக் கழித்து, உடம்பைக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அரிந்து வைத்தாற்போன்ற படங்களை உருவாக்குகிறது. வாழைத்தண்டை அரியும்போது ஒவ்வொரு வில்லையிலும் உள்ளமைப்புத் தெரிகிறதன்றோ? அதைப் போன்றதே இதுவும். ஆனால், கத்தி இல்லை, இரத்தம் இல்லை, வலியும் இல்லை.

உழவர் மகன் கண்ட வழி

இந்த யந்திரத்தை உருவாக்கியவர் இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. 1919-ஆம் ஆண்டில் பிறந்த இவர், நாட்டுப்புறத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் வளர்ந்தவர். பண்ணையில் இருந்த அறுவடை யந்திரங்களின் நுட்பங்களை ஆராய்வதே சிறு வயதில் இவருக்குப் பொழுதுபோக்கு. பின்னாளில் ஈ.எம்.ஐ. என்னும் நிறுவனத்தில் பணியாற்றினார். குழாய் ஒலிபெருக்கியின் முன் நாய் அமர்ந்திருக்கும் படம் பொறித்த கிராமபோன் தட்டுகளை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அத்தட்டுகளை வெளியிட்ட நிறுவனமே அது.

ஹவுன்ஸ்ஃபீல்டு தம் சோதனைச் சாலையில் முதன்முதலாக அமைத்த கருவிக்கு ஒரு படம் எடுக்க ஒன்பது நாட்கள் பிடித்தன. அதைச் செம்மைப்படுத்தி, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று லண்டன் மாநகரின் ஒரு மருத்துவமனையில் மூளையில் கட்டி இருப்பதாக ஐயுற்ற பெண் ஒருவரின் தலையைப் படம் எடுத்தனர். கட்டி இருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. இதற்கான கணித முறையைத் தனியே வகுத்திருந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மக் என்பவர். இருவருக்கும் 1979-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது. ஒன்பது நாட்கள் எடுத்த வேலை இன்று சில விநாடிகளில் முடிந்து விடுகிறது.

நேரத்தின் அருமை

இந்த விரைவினால் ஏழை உழவருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இரண்டு உதாரணங்களைக் காண்போம்.

திண்டிவனம் அருகே ஒருவர் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரம் மயங்கிக் கிடந்து எழுகிறார். தண்ணீர் கேட்கிறார், நன்றாகப் பேசுகிறார். “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்கிறார். இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி மிகுந்து, வாந்தியெடுத்து, நினைவிழந்து விடுகிறார். “நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார்!” என்று வீட்டார் புலம்புகின்றனர். மண்டையோட்டுக்கு உட்புறத்தில் இரத்தக் குழாய் அறுந்து, கசிந்த இரத்தம் சிறிது சிறிதாகச் சேர்ந்து மூளையை நெருக்கியதே இதற்குக் காரணம். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது தெரியாது. சி.டி. ஸ்கேன் படத்தில் புதிய இரத்தம் வெண்மையாகத் தெளிவாகத் தெரியும். காலத்தில் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையினால் அவரை மீட்க இயலும்.

ஆகவே, தலையில் அடிபட்டவர் நினைவு தப்பினாலும், ஒரு முறைக்கு மேல் வாந்தியெடுத்தாலும், தூங்கி விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும், வலிப்பு வந்தாலும், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் அல்லது நீர் வடிந்தாலும் தாமதியாமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். குடித்திருப்பவர் என்பதால் “போதை தெளியட்டும்” என்று படுக்க வைத்து விடுவது மிகப் பெரிய தவறு. போதைக்கும் மூளைக் காயத்திற்கும் அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும். முதியவர்களுக்கும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் சிறிய அடியும் பெரிய கேட்டை விளைவிக்கலாம்.

இரண்டாவது உதாரணம் பக்கவாதம். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தொங்கி விடுகிறது, பேச்சு வரவில்லை. இதற்கு இரு காரணங்கள் இருக்கக்கூடும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருக்கலாம். வெளித் தோற்றம் இரண்டிற்கும் ஒன்றே. ஆனால், சிகிச்சை நேர்மாறானது. அடைப்பாக இருந்தால், நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தைத் தகுதியுள்ள நோயாளிகளுக்குச் செலுத்தலாம். அதே மருந்தை இரத்தக் கசிவு உள்ளவருக்குச் செலுத்தினால் அவர் உயிருக்கே ஆபத்து. எந்த வகை என்பதைச் சில நிமிஷங்களில் பிரித்துக் காட்டுவது சி.டி. ஸ்கேன்தான். அது எடுக்கப்படாமல் டாக்டர் அந்த மருந்தைத் தொடவும் முடியாது.

எனவே, இவ்வறிகுறிகள் தோன்றியவருக்கு வாயில் மருந்து ஊற்றுவதும், எண்ணெய் தடவிப் பார்ப்பதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும் கூடாது. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்பதைக் குறித்துக்கொண்டு புறப்பட வேண்டும். “எத்தனை மணிக்கு?” என்பதே மருத்துவமனையில் முதல் கேள்வியாக இருக்கும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

விபத்து, பக்கவாதம் போன்ற அவசர நிலையில் எந்த ஆயத்தமும் வேண்டியதில்லை. வயிறு நிறைய உண்டிருந்தாலும் பரிசோதனை நடைபெறும். முன்னரே நாள் குறித்து அழைக்கப்பட்டவர்களுக்கே சில விதிகள் உண்டு.

இரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுப்பதாயின், சில மணி நேரம் உணவு உண்ணாமல் வரச் சொல்வர். எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிக்கலாமா என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பட்டினியோடு இன்ஸுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரக்கூடும். ஆகையால், அன்று காலை மருந்தை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்காமல் புறப்படலாகாது. இரத்தக் கொதிப்பு மாத்திரை போன்றவற்றையும் தாமாக நிறுத்தலாகாது.

பழைய எக்ஸ்ரே படங்கள், ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகிய அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்ல வேண்டும். மஞ்சள் நிற மாத்திரை, வெள்ளை மாத்திரை என்று சொன்னால் டாக்டருக்கு விளங்காது. சென்ற ஆண்டின் படத்தோடு இவ்வாண்டின் படத்தை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கட்டி வளர்ந்திருக்கிறதா, கரைந்திருக்கிறதா என்று கூற முடியும். பழைய படம் கையில் இருந்தால் சில வேளைகளில் புதிய படமே தேவைப்படாமற் போகலாம்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் மூன்று செய்திகளை ஊழியரிடம் சொல்லியே தீர வேண்டும். முதலாவது, பெண்களுக்கு நாள் தள்ளிப் போயிருந்தால் அல்லது கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் அதைக் கூறுதல். கூட்டத்தில் சொல்ல வெட்கப்படுவோர் நர்ஸிடம் தனியே கூறலாம். இரண்டாவது, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு நோய் ஆகியவை இருந்தால் கூறுதல். மூன்றாவது, முன்பு ஏதேனும் ஊசியோ மருந்தோ ஒவ்வாமல் தடிப்பு, மூச்சுத் திணறல் ஏற்பட்டிருந்தால், அல்லது ஆஸ்துமா இருந்தால் அதைக் கூறுதல். இம்மூன்றும் நினைவிருந்தால் பெரும்பாலான இடர்களைத் தவிர்த்து விடலாம்.

அறைக்குள் நடப்பது என்ன?

அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டி நேரலாம். நமக்குப் பின்னால் வந்தவரை முன்னதாக அழைத்துச் சென்றால் மனம் கொதிக்கும். ஆனால், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயின் கடுமையைப் பொறுத்துப் பிரிப்பது இன்றைய முறை. சிவப்புப் பிரிவினருக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நம் வீட்டார் ஒருவர் அந்நிலையில் வரும்போது மற்றவர்கள் வழிவிட வேண்டுமென்று விரும்புவோம் அன்றோ?

உள்ளே செல்லுமுன், படம் எடுக்கும் பகுதியில் உள்ள உலோகப் பொருள்களைக் கழற்றச் சொல்வர். தலைக்கு எடுப்பதாயின் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, மூக்குக் கண்ணாடி, கழற்றத்தக்க பல்செட் ஆகியவை. மார்புக்கு எடுப்பதாயின் கழுத்துச் சங்கிலி. வயிற்றுக்கு எடுப்பதாயின் அரைஞாண், தாயத்து, பெல்ட் ஆகியவை. உலோகத்தால் உடம்புக்குத் தீங்கு ஏதுமில்லை. படத்தில் கீற்றுக் கீற்றாகக் கோடுகள் விழுந்து நோயை மறைத்து விடும் என்பதே காரணம். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை. தலைக்குப் படம் எடுக்கும்போது பெரும்பாலும் அதற்குத் தேவையே எழாது. மார்புக்கு எடுப்பதாயின், பொன்னைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றை மட்டும் அணிந்துகொள்ளலாம். நூல் கயிறு படத்தைக் கெடுக்காது. நகைகளை உடன் வந்தவரிடமே ஒப்படைப்பது நல்லது.

யந்திரத்தைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. கிணற்றில் இறக்கும் சிமென்ட் உறை ஒன்றை நிமிர்த்தி வைத்தாற்போன்ற வட்ட வடிவம் அது. முன்னும் பின்னும் திறந்திருக்கும். நீண்ட குகை போன்ற யந்திரத்தில் வெகு நேரம் படுத்திருக்க வேண்டியது எம்.ஆர்.ஐ. என்னும் வேறொரு பரிசோதனை. காந்த சக்தியால் இயங்கும் அதனையும் இதனையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழம்புகின்றனர். எலும்பு முறிவுக்குக் காலில் தகடு வைத்திருப்பவர்களும் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்.

நோயாளி ஒரு குறுகிய மேசையின்மேல் படுக்க வேண்டும். மேசை மெல்ல உயர்ந்து வளையத்துக்குள் நகரும். வளையத்தினுள் ஏதோ சுழல்வது போன்ற ‘உர்’ என்ற ஓசை கேட்கும். உடம்பில் எதுவும் படாது, மின்சாரம் பாயாது, சூடும் தெரியாது. மார்புக்கும் வயிற்றுக்கும் படம் எடுக்கும்போது, “மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள்” என்று குரல் வரும். பத்து விநாடி அளவு மூச்சை அடக்கினால் போதும். வெளியே காத்திருக்கும்போதே இதைச் சில முறை பழகிக்கொள்வது நன்று. அசைந்தால் படம் கலங்கி விடும். மீண்டும் எடுக்க நேரும்.

அந்த நேரத்தில் அறையில் நோயாளி மட்டுமே இருப்பார். ஊழியர் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பேசினால் அவருக்குக் கேட்கும். ஊழியர் வெளியேறுவதைக் கண்டு, “ஆபத்தில் என்னைத் தனியே விட்டுவிட்டு ஓடுகிறார்” என்று எண்ணுதல் தவறு. நோயாளிக்கு இது ஒரு முறை. ஊழியருக்கோ நாள்தோறும் பல முறை. குழந்தைகளோடு ஒருவர் இருக்க அனுமதிப்பதுண்டு. அவருக்குக் காரீய மேலங்கி அணிவிப்பர். கருவுற்ற பெண்கள் துணையாக உள்ளே செல்லலாகாது. அசையாதிருக்க இயலாத சிறு குழந்தைக்கு உறங்க மருந்து கொடுக்க நேரலாம்.

மருந்தில்லாத தலை ஸ்கேன், மேசையில் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிஷங்களுக்குள் பெரும்பாலும் முடிந்து விடும். மருந்து செலுத்தி எடுப்பதாயின் அரை மணி நேரம் வரை ஆகலாம்.

ஊசி மருந்து எதற்கு?

வயிற்று உறுப்புகளையும் இரத்தக் குழாய்களையும் கட்டிகளையும் துலக்கமாகக் காட்டுவதற்காக அயோடின் கலந்த மருந்தைக் கையிலுள்ள நரம்பின் வழியே செலுத்துவர். அது உடம்பில் பரவும்போது உடல் முழுதும் வெதுவெதுப்பாக இருக்கும். வாயில் உலோகச் சுவை தோன்றும். சிறுநீர் கழிந்து விட்டதோ என்ற உணர்ச்சியும் சிலருக்கு உண்டாகும். உண்மையில் கழிந்திராது. முன்கூட்டி அறியாத பெண்கள் பலர் இதனால் கூசிப் பதறுகின்றனர். ஓரிரு நிமிஷங்களில் இவ்வுணர்ச்சிகள் தாமே மறைந்து விடும்.

ஆனால், உடம்பில் அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை ஏற்பட்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும். ஊசி குத்திய இடம் வீங்கி வலித்தாலும் அவ்வாறே. “தொந்தரவு கொடுக்க வேண்டாம்” என்று பொறுத்திருப்பது இங்கு நற்குணம் ஆகாது. இத்தகைய கடும் ஒவ்வாமை மிகச் சிலருக்கே வரும். மாற்று மருந்துகளை அறையில் ஆயத்தமாக வைத்திருப்பர். இதனாலேயே படம் முடிந்த பின்னும் சிறிது நேரம் அங்கேயே இருக்கச் சொல்வர்.

இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. ஆகவே, முன்னதாக இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைச் சோதிப்பதுண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி வைக்க நேரலாம். அதை டாக்டரே தீர்மானிப்பார். பரிசோதனைக்குப் பின் தண்ணீர் நிறையக் குடிப்பது நலம். நீரைக் குறைத்துக் குடிக்குமாறு ஏற்கனவே கட்டளை பெற்றுள்ள இருதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதிர்களால் தீங்கு உண்டா?

இக்கேள்விக்கு மூடி மறைக்காமல் விடை கூறுவோம். சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிர்களைப் பயன்படுத்துகிறது. கதிர்கள் அளவுக்கு மீறினால் தீங்கு உண்டு. அளவுதான் இங்குக் கவனிக்கத் தக்கது.

நாம் வாழும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே கதிர்கள் நம்மீது பட்டுக்கொண்டிருக்கின்றன. உலக சராசரிப்படி ஒருவர் ஓராண்டில் பெறும் அளவு சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஒரு தலை ஸ்கேனில் பெறுவது சுமார் 2 மில்லிசீவர்ட். அதாவது, ஏறக்குறைய ஓராண்டு இயற்கைக் கதிர்வீச்சின் அளவு. வயிற்று ஸ்கேனில் இது மூன்று நான்கு ஆண்டுகளின் அளவாகலாம். மார்புக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயிலோ சில நாட்களின் அளவே. எனவே, ஒரு ஸ்கேனால் பிற்காலத்தில் புற்று நோய் வரக்கூடிய வாய்ப்பு மிகமிகச் சிறியது. ஆயினும், அது முற்றிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. குழந்தைகளின் வளரும் உடம்பு கதிர்களால் எளிதில் பாதிக்கப்படுவதால் அவர்களுக்கு இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை.

தராசின் இரு தட்டுகளையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூளையில் இரத்தம் கசிகிறதா என்று ஐயம் எழும்போது, ஒரு தட்டில் என்றோ வரக்கூடிய மிகச் சிறு கேடு. மறு தட்டில் இன்றே போகக்கூடிய உயிர். அங்குத் தயங்குவது பேதைமை. காரணமின்றி, மன ஆறுதலுக்காக மட்டும் எடுத்துக்கொள்ளும் ஸ்கேனில் மறு தட்டு வெறுமையாக உள்ளது. அங்கு விரைவதும் பேதைமையே. கருவுற்ற பெண்ணுக்கும், உயிரைக் காக்க வேண்டிய நிலையில், தக்க எச்சரிக்கையோடு இப்பரிசோதனை செய்யப்படுவதுண்டு.

கதிர்கள் உடம்பில் தங்குவதில்லை. விளக்கை அணைத்தவுடன் ஒளி நீங்குவதைப் போல, யந்திரம் நின்றவுடன் அவையும் நீங்கி விடுகின்றன. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் வீட்டுக்குச் சென்று குழந்தையைத் தூக்கலாம், சமையல் செய்யலாம், பக்கத்தில் படுக்கலாம். யாருக்கும் எதுவும் தொற்றாது. நம் நாட்டில் இத்தகைய யந்திரங்களை நிறுவவும் இயக்கவும் 1983-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்றாக வேண்டும்.

முடிவு அறிக்கை

எடுத்த படங்களைக் கதிரியல் டாக்டர் ஆராய்ந்து அறிக்கை எழுதுவார். அவசர நோயாளியின் படத்தை உடனே பார்த்துச் சொல்வர். மற்றவர்க்குச் சில மணி நேரமோ, ஓரிரு நாளோ ஆகலாம். படம் எடுத்த ஊழியரிடம், “என்ன தெரிகிறது?” என்று கேட்டு வற்புறுத்துதல் முறையன்று. அறிக்கையில் காணும் கடினச் சொற்களை வைத்துக்கொண்டு தாமே முடிவு கட்டுவதும் கூடாது. சிகிச்சை செய்யும் டாக்டரிடம் காட்டி விளக்கம் பெறுவதே முறை.

“ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது, காசும் நேரமும் வீண்” என்று சிலர் வருந்துவர். பக்கவாதத்தில் அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் படம் சாதாரணமாகவே தோன்றக்கூடும். இரத்தக் கசிவு இல்லை என்ற அந்தச் செய்தியை நம்பித்தான் டாக்டர் அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் செலுத்துகிறார். அதுபோலவே, தலையில் அடிபட்டவரின் படம் நன்றாக இருந்தாலும், பின்னர் வாந்தியோ மயக்கமோ தோன்றினால், “அன்றே பார்த்தாயிற்று” என்று இருந்துவிடாமல் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

படங்களை மடிக்காமல், ஈரமும் வெயிலும் படாமல் பாதுகாக்க வேண்டும். நிலப் பத்திரத்திற்கு அளிக்கும் மதிப்பை அவற்றிற்கும் அளிப்பது தகும்.

செலவைப் பற்றி

1994-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை வாங்கி வழங்குவதோடு, அரசு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் நிலையங்களையும் நடத்துகிறது. அங்குக் கட்டணம் தனியார் நிலையங்களைவிட மிகக் குறைவு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அதனையும், குடும்ப அட்டையையும், ஆதாரையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட, நலமாக இருக்கும்போதே அதைப் பெற்று வைத்துக்கொள்வது அறிவுடைமை.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்காக ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், திண்டிவனத்திற்கு வடக்கே உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பெற்றது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்திற்கான சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெற அது வகை செய்கிறது. “கையில் பணமில்லையே” என்று அடிபட்டவரைச் சாலையோரத்தில் வைத்துக்கொண்டு தயங்க வேண்டியதில்லை. பணம் செலுத்த வேண்டிய இடத்தில் மருத்துவமனைக் கவுண்டரில் மட்டும் செலுத்தி ரசீது பெற வேண்டும். இடைத்தரகர் எவரையும் நம்பலாகாது.

ஊர்தோறும் செய்யத்தக்கது

இச்செய்திகள் மருத்துவமனை வாசலில் முதன்முறையாகக் கேட்கப்படுவதால்தான் அச்சம் பெருகுகிறது. ஊரில் இருக்கும்போதே இவற்றைப் பேச வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும், கிராம சபையிலும், பள்ளிக்கூடங்களிலும் பக்கவாதத்தின் அறிகுறிகளையும், தலைக் காயத்தின் அபாயக் குறிகளையும், 108 என்னும் எண்ணையும் எடுத்துச் சொல்லலாம். கிராம நர்ஸ் இதற்கு மனமுவந்து துணை புரிவார். ஒரு முறை ஸ்கேன் எடுத்துக்கொண்டு நலமாகத் திரும்பியவர் தம் அனுபவத்தைத் திண்ணையில் அமர்ந்து சொல்வாராயின், அது பத்துப் பிரசுரங்களுக்கு ஈடாகும்.

சாலை நம் ஊர் வரை வந்துவிட்டது. வண்டி அழைத்தால் வருகிறது. மருத்துவமனையில் யந்திரமும் டாக்டரும் ஆயத்தமாக உள்ளனர். எஞ்சியிருப்பது நம் மனத்தின் தயக்கம் ஒன்றே. டாக்டர் தேவை என்று சொல்லும்போது மரத்தடியில் நிற்காமல் உள்ளே செல்வோம். தேவையில்லை என்று சொல்லும்போது வற்புறுத்தாமல் வீடு திரும்புவோம். இவ்விரண்டையும் நம் கிராமங்கள் கைக்கொண்டால், காக்கத்தக்க உயிர்கள் பல காக்கப்படும் என்பதில் ஐயமில்லை.